வானத்துக் கூரையை அளந்த விஞ்ஞானி சிசிர் குமார் மித்ரா

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் மாலை நேரம் என்றாலே ரேடியோ நேரம்தான். மில் ஷிப்டு முடிந்து வந்தவரும், ஆபீஸ் விட்டு பஸ் பிடித்து வந்தவரும், ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தங்கள் ஒற்றை அறை வீட்டில் டிரான்சிஸ்டரை ஜன்னலோரம் வைத்து முள்ளைத் திருப்புவார்கள். கொழும்பிலிருந்து இலங்கை வானொலி வரும். லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை வரும். ஊர்க்காரர் குரலைக் கேட்டதுபோல் ஒரு நிறைவு. இவை சிற்றலையில் வந்த நிகழ்ச்சிகள்.

சில ஆண்டுகளில் அந்தக் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. வேறு சில ஆண்டுகளில் அதே பெட்டி, அதே ஏரியல், அதே இடம். ஆனால் கரகரப்பு, இரைச்சல், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிலையங்கள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டவர்கள் உண்டு. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

உண்மையில் பெட்டியில் கோளாறே இல்லை. காரணம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், சூரியனில் இருந்தது. சூரியன் 11 ஆண்டுக்கு ஒருமுறை பொங்கி அடங்குகிறது. அதற்கேற்ப நம் தலைக்கு மேலே உள்ள காற்று மண்டலம் மாறுகிறது. அதற்கேற்ப ரேடியோவும் மாறுகிறது.

அந்தக் காற்று மண்டலத்தை இந்தியாவிலிருந்தே அளந்து காட்டி, அதைப்பற்றி உலகமே படிக்கும்படி நூல் எழுதியவர் ஒரு வங்காளி விஞ்ஞானி. அவர்தான் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

மித்ரா 1890-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளி ஆசிரியர். தாயார் சரத்குமாரி. அந்தக் காலத்தில் பெண்கள் எழுத்துப் படிப்பதே அரிது. சரத்குமாரியோ திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு கல்கத்தாவில் உள்ள காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து டாக்டர் படிப்புப் படித்தார்.

படிப்பு முடிந்ததும் அவருக்கு பீகாரில் உள்ள பாகல்பூரில், லேடி டப்ரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குடும்பம் சொந்த மண்ணை விட்டு பாகல்பூருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வேலைக்காக வேறு மாநிலம் போய், அங்கே வாடகை வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மித்ரா அப்படி வளர்ந்த பிள்ளைதான்.

பாகல்பூர் மாவட்டப் பள்ளியிலும் அங்குள்ள கல்லூரியிலும் அவர் படித்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாயாரின் சம்பளம்தான் குடும்பத்தைத் தாங்கியது. அந்த அம்மையார் மகனின் படிப்பை நிறுத்தவில்லை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். கம்பியில்லாத் தந்தி அலைகளை இந்தியாவில் முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியவர் போஸ். 1912-ம் ஆண்டு மித்ரா எம்.எஸ்.சி. பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் முதலிடம்.

முதலிடம் பெற்றால் ஆராய்ச்சி செய்யலாம். ஆனால் ஆராய்ச்சி அடுப்பு எரிய உதவாது. குடும்ப நிலைமையை எண்ணி மித்ரா பாகல்பூர் கல்லூரியில் விரிவுரையாளரானார். பிறகு பாங்குராவில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆராய்ச்சிக் கருவி எதுவும் இல்லாத ஊர்கள் அவை. வகுப்பு, விடைத்தாள், மறுபடியும் வகுப்பு என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன.

ராமனிடம் பயிற்சி

1916-ம் ஆண்டு அவருக்குக் கதவு திறந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அறிவியல் கல்லூரியை உருவாக்கிக்கொண்டிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, நாட்டில் எங்கெல்லாம் திறமைசாலி இளைஞர்கள் இருக்கிறார்களோ அவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். மித்ராவுக்கும் அழைப்பு வந்தது. மேகநாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் ஆகியோரும் அதே காலத்தில் அங்கே சேர்ந்தவர்கள்.

அப்போது கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இன்னொருவர் நம் சர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்தவர். அரசாங்க நிதித் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி செய்து, பின்னர் அந்த உத்தியோகத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். 1933-ம் ஆண்டு பெங்களூருக்கு வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்தவர்.

அந்த ராமனின் குழுவில் மித்ரா சேர்ந்தார். ஒளியைப்பற்றி ஆராய்ந்து 1919-ம் ஆண்டு டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். அதுவரை அவருக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தம் இல்லை.

பாரிசில் ஒரு திருப்பம்

1920-ம் ஆண்டு மித்ரா பிரான்சு நாட்டுக்குப் போனார். பாரிசில் சார்லஸ் பாப்ரி என்ற ஒளியியல் மேதையிடம் ஆராய்ச்சி செய்து 1923-ம் ஆண்டு இரண்டாவது டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு மேரி கியூரி அம்மையாரின் ரேடியம் நிலையத்தில் சிறிது காலம் வேலை செய்தார்.

அந்த வழியில் தொடர்ந்து போயிருந்தால் பெயரும் புகழும் நிச்சயம். ஆனால் முதல் உலகப் போர் முடிந்திருந்த அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ரேடியோ வால்வு புதிய பொருளாக வந்துகொண்டிருந்தது. மித்ரா அதைப் பார்த்தார். நான்சி நகருக்குச் சென்று கூத்தோன் என்ற பேராசிரியரிடம் வால்வு மின்சுற்றுகளைக் கற்றுக்கொண்டார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு டாக்டர் பட்டம் பெற்றவர், புதிய பாடத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

கல்கத்தாவில் எம்.எஸ்.சி. வகுப்பில் கம்பியில்லாத் தந்தியைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பிரான்சிலிருந்தே ஆசுதோஷ் முகர்ஜிக்கு எழுதினார். ஆசுதோஷ் சம்மதித்தார். 1923-ம் ஆண்டின் இறுதியில் மித்ரா கல்கத்தா திரும்பிப் பேராசிரியர் பதவி ஏற்றார். பாடமும் தொடங்கியது, அதற்கான ஆராய்ச்சிக் கூடமும் தொடங்கியது.

கல்லூரியிலிருந்து ஒலிபரப்பு

இந்தியாவில் அப்போது அரசாங்க ரேடியோ கிடையாது. ஆர்வம் உள்ளவர்கள் தாங்களே முயன்று ஒலிபரப்பிய காலம் அது. சென்னையில் 1924-ம் ஆண்டு மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. கல்கத்தாவில் மித்ரா தம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே ஒரு சிறு நிலையம் வைத்தார். அதன் அடையாளக் குறி 2 சி இஸட். நகரத்து மக்கள் அதன் நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள்.

1927-ம் ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் கம்பெனி ஒன்று ஒலிபரப்பு நிலையங்களைத் திறந்தது. மைசூரில் 1935-ம் ஆண்டு கோபாலசாமி என்ற பேராசிரியர் ஒரு நிலையம் தொடங்கி அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்தார். இன்று நாடு முழுவதும் வழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். நம் நாட்டில் ரேடியோவின் தொடக்கத்தில் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு இப்படி ஒரு தனி இடம் உண்டு.

காற்றில் ஒரு கூரை

ரேடியோ அலை நேர்கோட்டில் செல்லும். பூமியோ உருண்டை. அப்படியானால் லண்டனிலிருந்து புறப்பட்ட அலை பூமியின் வளைவைத் தாண்டி எப்படி நம்மிடம் வருகிறது? 1901-ம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியபோதே எழுந்த கேள்வி இது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் விடை சொன்னார்கள். மேலே மிக உயரத்தில் மின்சாரம் கடத்தும் காற்று அடுக்கு ஒன்று கூரைபோல் இருக்க வேண்டும். அலை அதில் பட்டுத் திரும்புகிறது என்றார்கள்.

கூரை உண்டு என்று இங்கிலாந்தில் ஆப்பிள்டன் 1924-ம் ஆண்டு சோதனையால் காட்டினார். அதற்காக 1947-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கூரையை உண்டாக்குவது சூரியன். சூரியனிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வருகின்றன. அவை மேல் காற்றில் உள்ள அணுக்களைத் தாக்கி எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற காற்றுப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர்.

அது ஒரே கூரை அல்ல. மாடி மேல் மாடி. சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு. 100 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஈ அடுக்கு. 200 கிலோமீட்டருக்கு மேல் எப் அடுக்கு. தொலைதூரச் சிற்றலையைத் திருப்பி அனுப்புவதில் பெரும் பங்கு எப் அடுக்குக்கு. டி அடுக்கு செய்வது வேறு வேலை. அது அலையைத் திருப்புவதைவிட விழுங்குவதே அதிகம். பகலில்தான் அது இருக்கும். சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். இரவில் தொலைதூர நிலையங்கள் நன்றாக எடுப்பதற்கு அதுவே காரணம்.

கல்கத்தாவில் அளந்தார்

இங்கிலாந்தின் வானத்தை அளந்தால் இந்தியாவின் வானம் தெரிந்துவிடாது. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது. சூரியன் இங்கே உச்சியில் காய்கிறது. இங்கே மேல் காற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும். அதை இங்கிருப்பவர்தான் அளக்க வேண்டும். மித்ரா அதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

1930-ம் ஆண்டு அவரும் அவரது மாணவர் ரக்ஷித்தும் கல்கத்தா வானொலி நிலையத்தின் அலைகளையே பயன்படுத்தி ஈ அடுக்கின் இருப்பைக் கண்டறிந்தார்கள். 1935-ம் ஆண்டு மித்ராவும் சியாம் என்ற மாணவரும் இன்னும் கீழே, சுமார் 55 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே எதிரொலி வருவதைக் கண்டு வெளியிட்டார்கள். அலையை விழுங்கும் டி அடுக்கைப்பற்றிய முக்கியமான செய்தி அது.

கருவிகளைப் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டிய காலம். ஓர் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பி, அது பட்டுத் திரும்ப எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது என்று அளந்தால் கூரையின் உயரம் தெரியும். அலையின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் அலை திரும்பாது. கூரையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். அந்த எல்லைதான் கூரையின் பலம். அதை நேரம் குறித்து எழுத வேண்டும். நாளைக்கும் எழுத வேண்டும். அடுத்த மாதமும், அடுத்த ஆண்டும் எழுத வேண்டும்.

பேரேட்டில் நாள் தவறாமல் பதிவு போடும் கணக்குப்பிள்ளையின் வேலைதான் இது. ஒருநாள் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பத்து ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் தொழில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். 1932-33-ம் ஆண்டில் உலக நாடுகள் சேர்ந்து சர்வதேசத் துருவ ஆண்டு என்ற ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தியபோது, மித்ராவின் ஆராய்ச்சிக் கூடமும் தன் அளவைகளைக் கொடுத்தது.

சூரியனின் 11 ஆண்டுக் கணக்கு

சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதை ஜெர்மனியில் ஸ்வாபே என்ற மருந்துக் கடைக்காரர் 1826-ம் ஆண்டிலிருந்து நாள் தவறாமல் எண்ணி வந்தார். 17 ஆண்டுகள் எண்ணிய பிறகு 1843-ம் ஆண்டு அவர் ஓர் உண்மையைச் சொன்னார். புள்ளிகள் ஒழுங்கான இடைவெளியில் பெருகிக் குறைகின்றன என்பதே அது. அந்த இடைவெளி சராசரியாக 11 ஆண்டு என்பது பின்னர் உறுதியாயிற்று.

தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கு எழுதப்பட்டது. 1876-ம் ஆண்டு தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர் மாண்டார்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்கம் யோசித்தது. அந்த யோசனையும் ஒரு காரணமாக, 1899-ம் ஆண்டு கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். உலகிலேயே நீண்ட சூரியப் பதிவேடுகளில் அது ஒன்று. அந்த நிலையம் இன்று பெங்களூர் கோரமங்களாவில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

புள்ளிகள் பெருகினால் சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் பெருகுகின்றன. கூரை பலப்படுகிறது. புள்ளிகள் குறைந்தால் கூரை மெலிகிறது. எப் அடுக்கு திருப்பி அனுப்பக்கூடிய உச்ச அதிர்வெண், அடங்கிய ஆண்டைவிடப் பொங்கிய ஆண்டில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை உயரும்.

மித்ரா ரேடியோ ஆராய்ச்சியைத் தொடங்கிய 1923-ம் ஆண்டு சூரியன் அடங்கியிருந்த ஆண்டு. 1928-ல் பொங்கியது. துருவ ஆண்டுக்கு அளந்தபோது, 1933-ல், மறுபடி அடங்கியது. 1937-ல் மறுபடி பொங்கியது. ஒரே ஆராய்ச்சிக் கூடத்தின் ஏடுகளில் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் கடந்து சென்றது.

நம் ரேடியோவில் நடந்தது என்ன?

இப்போது நம் டிரான்சிஸ்டருக்கு வருவோம். சிற்றலைப் பெட்டியில் 13, 16, 19, 25, 31, 41, 49 மீட்டர் என்று குறித்திருக்கும். மீட்டர் எண் குறையக் குறைய அதிர்வெண் கூடும். 13 மீட்டர் என்பது சுமார் 21 மெகாஹெர்ட்ஸ். 41 மீட்டர் என்பது சுமார் 7 மெகாஹெர்ட்ஸ்.

சூரியன் பொங்கிய ஆண்டுகளில், உதாரணமாக 1958, 1979, 1989-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கூரை பலமாக இருந்தது. 13, 16 மீட்டர் அலைகளும் திரும்பி வந்தன. இருட்டிய பிறகும் அவை உயிரோடு இருந்தன. உயர்ந்த அதிர்வெண்ணை டி அடுக்கு அதிகம் விழுங்குவதில்லை. ஆகவே சாதாரணப் பெட்டியிலும் ஐரோப்பிய நிலையங்கள் கணீரென்று கேட்டன.

சூரியன் அடங்கிய ஆண்டுகளில், உதாரணமாக 1964, 1976, 1986-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரவானதும் அந்த அலைகள் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டன. பெட்டியின் அந்தப் பக்கம் வெறும் நிசப்தம். எல்லா நாட்டு நிலையங்களும் 31, 41, 49 மீட்டருக்கு இறங்கி வந்தன. பத்துப் பேர் உட்காரும் திண்ணையில் ஐம்பது பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒன்றின்மேல் ஒன்றாக நிலையங்கள் கேட்டது அதனால்தான்.

கொழும்பு போன்ற பக்கத்து நிலையத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தூரம் குறைவு என்றால் அலை கூரையை ஏறக்குறையச் செங்குத்தாகப் போய் மோத வேண்டும். அப்படி மோதும் அலையைத் திருப்புவதற்குக் கூரை அதிக பலமாக இருக்க வேண்டும். அடங்கிய ஆண்டுகளின் இரவில் 25 மீட்டர் சீக்கிரமே மங்கி, 41 மீட்டர் கைகொடுப்பது இதனால்தான். விடியலுக்குச் சற்று முன்பு கூரை மிகவும் மெலிந்திருக்கும். அப்போது 41 மீட்டரும் சில நாள் ஏமாற்றும். சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

பொங்கிய ஆண்டுகளிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சூரியனில் திடீரென்று தீக்கொழுந்து எழும்பினால் எட்டு நிமிஷத்தில் அதன் எக்ஸ் கதிர் பூமியை எட்டிவிடும். டி அடுக்கு ஒரேயடியாகத் தடித்து, பகல் உள்ள பக்கத்தில் சிற்றலை முழுவதையும் விழுங்கிவிடும். பத்து நிமிஷமோ ஒரு மணி நேரமோ ரேடியோ செத்தது போல் கிடக்கும். பிறகு தானே மீளும். தென்னிந்தியாவில் இன்னொரு விசேஷமும் உண்டு. பொங்கிய ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், பொழுது சாய்ந்த பிறகு எப் அடுக்கு குமிழி குமிழியாகக் கலைந்து குரல் நடுங்கும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனை வழியாகப் போவதால் ஏற்படும் விளைவு அது.

வானொலி நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை அலைவரிசையை மாற்றி அறிவித்ததும் இந்தக் கூரையின் கணக்கைப் பார்த்துத்தான். எந்த மாதம், எந்த மணிக்கு, எந்த மீட்டர் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், ஊர் ஊராக அளந்து வைத்த ஏடுகள் வேண்டும். மித்ராவைப் போன்றவர்கள் பட்ட பாட்டின் பயன் அப்படித்தான் ஜன்னலோர டிரான்சிஸ்டர் வரை வந்து சேர்ந்தது.

பதிப்பாளர் தயங்கிய நூல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இந்தியாவுக்கென்று ரேடியோ ஆராய்ச்சிக் குழு ஒன்று வேண்டும் என்ற மித்ராவின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. அரசாங்கம் அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார்.

அதே ஆண்டுகளில் அவர் ஒரு பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். மேல் காற்று மண்டலத்தைப்பற்றி அதுவரை உலகில் தெரிந்தவை அனைத்தையும் ஒரே இடத்தில் திரட்டி, சீர்தூக்கி எழுதிய நூல். அயனி மண்டலம், இரவு வானத்தின் மங்கலான ஒளி, ஓசோன், பூமியின் காந்தம் எல்லாம் அதில் அடக்கம். இத்தகைய நூலை வெளியிட வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் முன்வரவில்லை. விற்குமா என்ற தயக்கம்.

கல்கத்தாவில் உள்ள ஆசியக் கழகம் 1947-ம் ஆண்டு அதை வெளியிட்டது. நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. சூரியனும் பொங்கிய ஆண்டு. அச்சிட்ட 2,000 பிரதிகளும் மூன்று ஆண்டுகளில் விற்றுத் தீர்ந்தன. 1952-ம் ஆண்டு விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. ரஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த நாடுகளின் விஞ்ஞானிகள், வழியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள கல்கத்தாவில் அச்சான நூலைப் புரட்டினார்கள்.

1949-ம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ரேடியோ இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கென்றே தனி நிலையம் ஏற்பட்டது. நகரத்து இரைச்சல் எட்டாத ஹரிங்கட்டா என்ற இடத்தில் அயனி மண்டலத்தை அளக்கும் நிலையமும் அமைந்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1954-ம் ஆண்டு தோன்றியது. ரேடியோ படித்த இளைஞர்களுக்கு நம் நாட்டிலேயே வேலை உண்டு என்ற நிலைமை மெல்ல வந்தது. 1923-ல் ஒரே ஒருவர் இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது இந்த நாட்டில் அப்படி ஒரு தொழிலே இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை

1955-ம் ஆண்டு மித்ரா பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். இந்திய விஞ்ஞான காங்கிரசுக்கும் தலைமை வகித்தார். பிறகு மேற்கு வங்காளத்தின் உயர்நிலைக் கல்வி வாரியத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சையும் பாடத்திட்டமும் சம்பந்தப்பட்ட வேலை. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி அதைச் சிறிதென்று ஒதுக்கவில்லை.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் சர்வதேச பூகோளப் பவுதிக ஆண்டைக் கொண்டாடின. அப்போது சூரியன் பொங்கிய அளவுக்குப் பதிவேடுகளில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. சிற்றலை கேட்பவர்களுக்கு அது பொற்காலம். 1958-ம் ஆண்டு லண்டன் ராயல் கழகம் மித்ராவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 67. அயனி மண்டலத்தில் அவர் முக்கியமான கண்டுபிடிப்புகளைச் செய்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கீகாரம் தாமதமாக வந்தது. ஆனால் அவர் அதற்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

1962-ம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் பட்டமும் தேசியப் பேராசிரியர் பதவியும் அளித்தது. அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்டு 13-ந் தேதி, அவர் காலமானார்.

சூரியன் ஒரு சுற்று முடித்து அடங்கியிருந்த 1890-ல் பிறந்தவர் மித்ரா. அதன் பிறகு சூரியன் ஏழு முறை பொங்கியது. ஏழாவது சுற்று 1964-ல் முடிவதற்குச் சற்று முன்பு அவர் மறைந்தார்.

அவர் மறைந்து மூன்று மாதம் கழித்து, 1963 நவம்பர் 21-ந் தேதி, திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவ கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது என்பதாலேயே தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ராக்கெட் மேலே சென்று சோடியம் புகையைக் கக்கியது. மேல் காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்கத்தான் அந்தப் புகை. மித்ரா 40 ஆண்டுகள் தரையில் இருந்தபடியே அலைகளால் தொட்டுப் பார்த்த இடத்துக்கு நம் நாட்டிலிருந்து ஒரு கருவி நேரில் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சந்திரனில் ஒரு பெயர்

1970-ம் ஆண்டு சந்திரனின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு மித்ரா என்று பெயர் சூட்டினார்கள். ஒலி வேகத்தின் அளவையில் பெயர் பதித்த மாக் என்ற விஞ்ஞானியின் பள்ளத்தை ஒட்டி அது இருக்கிறது. பூமியிலிருந்து எந்த ரேடியோ அலையும் நேராக எட்டாத பக்கம் அது.

இப்போது சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ம் ஆண்டு நின்றது. ஊர்ச் செய்தியும் பாட்டும் இப்போது கைபேசியில் வருகின்றன. ஆனால் மேலே உள்ள கூரை அப்படியே இருக்கிறது. நடுக்கடலில் கப்பல்களும், கடலைத் தாண்டிப் பறக்கும் விமானங்களும் இன்றும் சிற்றலையைப் பயன்படுத்துகின்றன. செயற்கைக் கோளிலிருந்து வழிகாட்டும் அலையும் அந்தக் கூரையைத் தாண்டித்தான் நம் கைக்கு வருகிறது. அதன் கணக்கிலும் அயனி மண்டலத்துக்குக் கழிவு போட வேண்டியிருக்கிறது.

சூரியன் கடைசியாகப் பொங்கியது 2024-ம் ஆண்டில். பரண் மேல் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்து, ஏரியலை நீட்டி, இரவில் 31 மீட்டரிலோ 41 மீட்டரிலோ முள்ளை மெதுவாகத் திருப்பினால் எங்கிருந்தோ ஒரு குரல் இன்றும் அகப்படும். அது மங்கினால் பெட்டியைத் தட்ட வேண்டாம். பாகல்பூர் நகரசபை குமாஸ்தாவின் மகன் வாழ்நாளெல்லாம் அளந்து எழுதிய கணக்கு அது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.